மரியபுஷ்பம் ஆரஞ்சு மிளகு ஜாம்

அக்காவின் சவப்பெட்டிமேல் வைத்த மலர்வளையங்களில் பெரியது மெல்வின் அனுப்பியது. அதன் குறுக்கே ஊதா நிற ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனில் தங்க எழுத்தில் ‘மரியபுஷ்பம் ஹில் ப்ரிசர்வ்ஸ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பெயருக்கு மேலே ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் ஓர் ஆங்கில எழுத்து.

பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயி என்னிடம் நகர்ந்து வந்து கேட்டாள்.

“ஏனுங்க அம்மிணி, பேரு புஷ்பத்தோட பேருதான். அந்த வட்டம் எதுக்குங்க?”

“அந்தப் பேரு அரசாங்கத்துல பதிஞ்சு வாங்குன சொத்துன்னு அர்த்தமுங்க.”

“அட, பரவால்லியே. புஷ்பம் பதிஞ்சு வெச்சிருந்துதா?”

“இல்லீங்க. மெல்வின் பதிஞ்சு வெச்சிருக்கான்.”

கண்ணாயி ரிப்பனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து வாசலுக்கு வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். வெற்றிலை போட்டு வெகுநேரம் ஆகவில்லை.

அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. எங்கள் அம்மா ரோமன் கத்தோலிக்க வீட்டுப் பெண். அப்பா புராட்டஸ்டண்ட். ஏற்காட்டு மலைமேல் கரடியூரில் முதல் குழந்தை பிறந்ததும் இரண்டு வீட்டாரும் தொட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போட்டார்களாம். அம்மா வீட்டார் மரியாவை விடவில்லை. அப்பா வீட்டார் புஷ்பத்தை விடவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்த பிறகுதான் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். “என்ற பேரு பேரில்லை கண்ணு, சமாதான ஒப்பந்தம்” என்பாள் அக்கா. எங்கள் சபையில் இன்னொரு மரியபுஷ்பம் கிடையாது.

நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த ஜேசுதாஸ் மாமாவுக்கு அவளைக் கொடுத்தார்கள். ஆட்களின் வருகையும் காப்பி எடையும் எழுதுகிற வேலை. வீட்டோடு சேர்ந்து அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காப்பி இருந்தது. காப்பிக்கு நடுவே கிழட்டு ஆரஞ்சு மரங்கள் நின்றன. தோல் தடித்து, நாக்கைக் கூசவைக்கும் பழங்கள். சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதை வீணாக்க மனமில்லாமல்தான் அக்கா ஜாம் காய்ச்ச ஆரம்பித்தாள். முதல் தடவை அது பாத்திரத்தோடு இறுகிவிட்டது. “இத ரோட்டுக்கு ஜல்லியாப் போடலாம் புஷ்பம், மழைக்கும் கரையாது” என்றார் மாமா. அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை என்று சொல்வார்கள். ஆனால் அடுத்த பழப் பருவத்தில் மறுபடி அடுப்பேற்றினாள்.

பச்சை மிளகை நசுக்கிப் போட்டதும் அவள் கஞ்சத்தனத்தால்தான். “காரம் இருந்தா ஒரு கரண்டியோட நிறுத்திக்குவாங்க” என்று கணக்குப் போட்டாள். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த மிளகுக்காகவே கேட்டு வாங்கினார்கள். பக்குவத்தை யாரிடமும் சொல்லமாட்டாள். கூடப் பிறந்த என்னிடமே சர்க்கரை அளவைக் குறைத்துச் சொன்னாள். சேலத்தில் என் வீட்டில் காய்ச்சியது பூசணம் பூத்தது என்று போனில் சொன்னபோது, “அப்படியா சாமி, உங்க ஊரு தண்ணி சரியில்ல” என்றாள்.

அக்காவை நல்லவள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிரசங்கத்தில் தூங்குவாள். பஸ்ஸில் ஜாம் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கிற கண்டக்டரோடு மஞ்சக்குட்டை நிறுத்தம் வரும்வரை வாதாடுவாள். ஆனால் அவள் ஜாம் அவளுடையது. அதை அந்த மலையில் எல்லோரும் அறிவார்கள். அறிந்திருந்தும் என்ன நடந்தது என்பதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விளைச்சலில் நல்லதை எடுத்துவந்து பலிபீடத்துக்கு முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அது ஏலத்துக்கு வரும். பூசணி, காப்பிக்கொட்டை, சேவல், வாழைத்தார் எல்லாம். காணிக்கையில் கொடுத்தவர் பெயர் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறதல்லவா. தான் வைத்த காணிக்கையைத் தானே ஏலத்தில் எடுப்பதும் இல்லை. அக்கா கல்யாணமான வருடத்திலிருந்து ஜாம் வைத்தாள். வெறும் பாட்டில், வாயில் துணி, அதைச் சுற்றி நூல். ஏலம் விடுகிற ஆசிர் அதைத் தூக்கிக் காட்டி, “இது யாரு ஊட்டு ஜாமுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா மொத வரிசையில தூங்கிட்டிருக்கிற அக்காவை எழுப்பிடாதீங்க” என்பார். சபையே சிரிக்கும். பெயர் மட்டும் எங்கும் இருக்காது.

மெல்வினும் எங்கள் சபைதான். அவன் அப்பா காலத்தில் சின்ன மளிகைக்கடை. மகன் காலத்தில் ஏற்காட்டில் ஒன்றும் சேலத்தில் ஒன்றுமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள். ஏலத்தில் எடுத்த ஜாமை ருசி பார்த்துவிட்டு அவனே வீடு தேடி வந்தான்.

“அக்கா, நம்ம கடையில வெக்கறேன். பேரு என்னன்னு போடட்டும்?”

“என்ற பேருதான். வேற யாரு பேரப் போடுவ?”

அவள் பில் எழுதவில்லை. சபை ஆளிடம் பில் கேட்பதும் எழுதுவதும் அங்கே மரியாதைக் குறைவு. பெட்டியைக் கொண்டுபோய் இறக்குவாள். அவன் கையில் கொடுப்பதை வாங்கிக்கொள்வாள். தன் கடையில் விற்கும்போது மட்டும் மெல்வின் ஒழுங்காகப் பில் போட்டான். ஒவ்வொரு பில்லிலும் ‘மரியபுஷ்பம் ஜாம்’ என்று அச்சாகும். அதில் அக்காவுக்குப் பெருமை. ஒரு பில்லை வாங்கி வந்து பீரோவில் ஒட்டி வைத்திருந்தாள்.

சில வருடங்கள் கழித்து நாகலூர் ரோட்டு வளைவில் அவளே ஒரு சிறு கடை போட்டாள். உள்ளாட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம் வாங்கினாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் லேபிளில் இருந்தாக வேண்டும் என்றார்கள். ‘மரியபுஷ்பம் ஆரஞ்சு மிளகு ஜாம்’ என்று அச்சடித்து ஒட்டினாள்.

மெல்வின் அவளிடம் சரக்கு எடுப்பதை நிறுத்தினான். அடுத்த கோடை விழாச் சமயத்தில் அவன் கடையில் புதுப் பாட்டில்கள் வந்தன. நான்தான் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். லேபிளில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா. வாசலில் தட்டேந்தி நிற்கிற கறுத்த பெண். தலையில் முக்காடு. கீழே, நூறு வருடத்துக்கு முன்பு துரையின் சமையற்கட்டில் வேலை செய்த மரியபுஷ்பம் என்ற சமையல்காரியின் ரகசியப் பக்குவம் என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு சமையல்காரி எந்தப் பங்களாவிலும் இருந்ததில்லை.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “நான் செத்து நூறு வருசம் ஆயிப்போச்சாக்கும்” என்றாள். விரலை விட்டு ருசி பார்த்தாள். “இதுக்கு அந்தப் பொம்பளையவே வேலைக்கு வெச்சிருக்கலாம்.”

பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மரியபுஷ்பம் என்ற பெயர் பதிவு பெற்ற வணிகச் சின்னம். அதை ஜாம், ஊறுகாய், பழச்சாறு எதிலும் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும். பெறுநர்: திருமதி மரியபுஷ்பம். அந்தக் கடிதத்தில் அவள் பெயரைப் பயன்படுத்த வேண்டியிருந்ததே, அது அவர்களுக்கு வேடிக்கையாகப் படவில்லை.

நானும் மாமாவும் அவளைச் சேலத்தில் வெங்கடாசலம் என்ற வக்கீலிடம் கூட்டிப்போனோம். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

“பயப்படாதீங்கம்மா. ஒருத்தர் தன்னோட சொந்தப் பேர நாணயமா தொழிலுக்கு வெச்சுக்கறத யாரும் தடுக்க முடியாது. சட்டம் உங்க பக்கந்தான்.”

“அப்ப முடிஞ்சுதுங்களே” என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க. அத கோர்ட்டுல சொல்லோணும். பதிவ ரத்து பண்ணச் சென்னையில மனுப் போடோணும். அவருக்கு முன்னாடியிருந்தே இந்தப் பேர்ல நீங்க வித்தீங்கன்னு காட்டோணும். என்ன ஆதாரம் இருக்குது?”

அக்கா பீரோவிலிருந்து பிய்த்து வந்த பில்லை எடுத்து வைத்தாள். வெங்கடாசலம் அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இது மெல்வின் கடை பில்லுங்களே.”

“ஆமாங்க. ஆனா ஜாம் என்னுதுங்க.”

“அவரும் இதே பில்லுகளத்தான் தாக்கல் பண்ணியிருப்பாரும்மா. இந்தப் பேர்ல மொதமொத வித்தது அவருதான்னு இது சொல்லுது. நீங்க அவருக்குக் குடுத்ததுக்கு ஏதாச்சும் சீட்டு?”

இத்தனை வருட ஜாமுக்கும் அவள் பெயரோடு இருந்த ஒரே பழைய காகிதம் திருடனுடைய பில்.

அதன் பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஜீவானந்தம் கடைக்கு வந்தார். நோட்டீசுக்குப் பயந்து அக்கா லேபிளைக் கிழித்துவிட்டு வெறும் பாட்டில்களை அடுக்கியிருந்தாள்.

“பேரு இல்லாத பாட்டில் விக்கக்கூடாதுங்கம்மா. இருந்தா நான் எடுத்துட்டுப் போகோணும்.”

“பேரு போட்டா கேசு போடுவேன்னு ஒருத்தன் எழுதியிருக்கானுங்க.”

“அது என்ற டிபார்ட்மென்ட் இல்லீங்களே.”

“அப்ப ஒரு சட்டம் பேரப் போடுங்குது, இன்னொரு சட்டம் போடாதேங்குது. நான் எதுக்குங்க கீழ்ப்படியறது?”

ஜீவானந்தம், பாவம், பக்கத்தில் நின்ற மாமாவைக் காட்டினார். “ஊட்டுக்காரர் பேருக்குப் பதிவ மாத்திக்கோங்களேன்” என்றார்.

“இவருக்கா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாதுங்க.”

“உண்மைதானுங்க” என்றார் மாமா.

உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனோம். உரிமம் ‘மரியபுஷ்பம்’ என்ற பெயரில்தானே இருக்கிறது, அதற்கு மதிப்பில்லையா என்று கேட்டோம். எழுத்தர், “நாங்க கடை நடத்தத்தான் உரிமம் குடுத்தோம். பேரு எங்க சமாச்சாரம் இல்ல” என்றார். சரி என்று திரும்பினோம். உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது அதே நாற்காலியில் அதே மனிதர், “பேர்ல தகராறு இருக்குதுன்னு புகார் வந்திருக்குது. அது தீர்ற வரைக்கும் புதுப்பிக்க முடியாது” என்றார். கொடுக்கும்போது அவர்களுக்குச் சம்பந்தமில்லாத பெயர், பிடுங்கும்போது சம்பந்தப்பட்டுவிட்டது. கடை பூட்டப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சிய ஜாம் வீட்டுச் சமையலறை அலமாரியில் பெயரில்லாமல் நின்றது.

மிச்சம் இருந்தது சபை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஜாமை ஏலத்தில் எடுத்துத் தின்ற சபை. இந்த ஜாம் மரியபுஷ்பத்துடையது என்று இத்தனை வருடமாக எங்களுக்குத் தெரியும் என ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று வெங்கடாசலம் சொல்லியிருந்தார். போதகர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி காப்பி கொடுத்தார். போதகர் கண்களை மூடித் திறந்தார்.

“காணிக்கையில பேரு கெடையாதேம்மா. எதப் பாத்து நான் எழுதறது? ஆண்டவருக்குக் குடுத்தத இப்ப உலகத்துக்குக் கணக்குக் காட்டறது நல்லாவா இருக்கும்?”

“நீங்களே போன வருசம் எடுத்தீங்களேங்கையா. மகளுக்குச் சென்னைக்குக் கொண்டுபோனீங்க.”

“அது வேற” என்றார்.

வெளியே வந்தோம். கோயிலைச் சுற்றிப் புதுச் சுற்றுச்சுவர் எழும்பியிருந்தது. வாசலோரம் கருங்கல் பலகை. மெல்வினின் தகப்பனார் நினைவாக மகன் குடும்பத்தார் கட்டிக் கொடுத்தது என்று ஆழமாக வெட்டியிருந்தது. அக்கா அதை நின்று வாசித்தாள். “இது இடது கைக்குத் தெரிஞ்சுபோச்சாட்ட” என்று மட்டும் சொன்னாள்.

மெல்வின் ஒருமுறை வீட்டுக்கு வந்தான். பழக்கூடையோடு.

“அக்கா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? எங்க கடை வாசல்ல நீங்க வந்து நில்லுங்க. சம்பளம் போட்டுக் குடுக்கறேன். அந்த லேபிள்ல இருக்கிற மாதிரியே முக்காடு, தட்டு. டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுத்துக்குவாங்க.”

“மரியபுஷ்பமாவா?”

“ஆமாங்கக்கா. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்.”

“நான் உசுரோட இருந்துட்டே செத்தவளா நடிக்கோணும். அதுக்குச் சம்பளம். எந்திரிச்சுப் போ சாமி. கூடையை மறந்துடாத.”

அவன் போன பிறகு அவள் நாற்காலியைக் கழுவினாள். நான் பார்த்தேன்.

வழக்கால் செத்தாள் என்று சொல்லமாட்டேன். அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஜாம்காரிக்குச் சர்க்கரை வராமல் உப்பா வரும் என்று அவளே சிரிப்பாள். மழைக்காலத்தில் ஒரு மதியம் நெஞ்சு வலிக்கிறது என்றாள். சேலத்துக்கு இறங்கும் வளைவுகள் முடிவதற்குள் போய்விட்டாள். சென்னையில் அவள் போட்ட மனு அதுவரை விசாரணைக்கு வரவில்லை.

அடக்கம் முடிந்தபின் மாமா அந்த ரிப்பனை மட்டும் அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெங்கடாசலம் துக்கம் விசாரிக்க வந்தார். வாரிசாக மாமாவைச் சேர்த்து மனுவைத் தொடரலாம் என்றார். தொழிலை விட்டுப்போனவர் பெயரை அடுத்து நடத்துபவர் வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். “சட்டம் இப்பவும் உங்க பக்கந்தானுங்க.”

“அந்தப் பக்கத்துலயே நின்னு நின்னுதானுங்க எங்க ஊட்டுக்காரி போயிட்டா” என்றார் மாமா. ஆனாலும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. அலமாரியில் நின்ற அக்காவின் கடைசி ஜாம் பாட்டில்களை மாமா இறக்கினார். காப்பி மூட்டைக்கு அடையாளம் போடுகிற கறுப்பு மையை எடுத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் ரைட்டர் கையெழுத்தில், பெரிதாக, ‘மரியபுஷ்பம்’ என்று எழுதினார். ஈரம் காயும்வரை மேசையில் வைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்.

ஆசிர் வழக்கம்போல ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். “இந்தப் பூசணி ஐயாவோட பிரசங்கத்தவிட நீளம், பாத்துக் கேளுங்க.” சிரிப்பு. பிறகு அவர் கை பெட்டிக்குள் போனது. பாட்டிலைத் தூக்கினார். பெயரைப் பார்த்தார். அத்தனை பேரும் பாட்டிலைப் பார்த்தார்கள், பிறகு முதல் வரிசையில் இருந்த மெல்வினைப் பார்த்தார்கள்.

போதகர் எழுந்து மாமாவிடம் வந்தார். “ஜேசுதாஸ், காணிக்கையில பேரு வேண்டாம். அழிச்சுடுங்க.”

“சரிங்கையா. சுவத்துல இருக்கறத அழிச்சுட்டு வாங்க. நானும் அழிச்சுடறேன்.”

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். போதகர் திரும்பிப்போய் உட்கார்ந்தார். ஏலம் கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா வைத்த ஜாமுக்கு அடித்துக்கொள்கிற சபை அது. அன்றைக்கு எல்லோருக்கும் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேட வேண்டியிருந்தது.

மெல்வின் கையைத் தூக்கினான். மற்றவர் எட்ட முடியாத தொகை ஒன்றைச் சொன்னான். பெட்டி மொத்தமும் தனக்கே என்றான். முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவன் மேலே வந்து மைக்கை வாங்கினான்.

“புஷ்பக்கா எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. அவங்க கைப்பக்குவம் இந்த மலைக்கே தெரியும். அவங்க நினைவா இந்தப் பெட்டிய நான் ஜேசுதாஸ் அண்ணனுக்கே திருப்பிக் குடுக்கறேன்.”

மறுபடி கைதட்டல். அவனுடைய ஆள் ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தான். மெல்வின் பெட்டியை நீட்டினான். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வாங்கிக்கோங்கண்ணா.”

“வெச்ச காணிக்கைய வெச்சவனே எடுக்கற வழக்கம் நம்ம சபையில இல்லீங்க.”

மெல்வின் சிரித்துக்கொண்டே பெட்டியை மேசையில் வைத்தான். படத்துக்கு அது போதும்.

அந்தப் படத்தையும் பேச்சையும் மறுநாள் அவன் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். ‘எங்கள் ஜாமுக்குப் பெயர் தந்த மரியபுஷ்பம் அக்காவின் கணவரைக் கௌரவித்த தருணம்’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதை வெங்கடாசலத்துக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். அவர் குரல் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் கேட்டதில்லை.

“அம்மா, இத எடுத்துடறதுக்குள்ள எல்லாத்தையும் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. நூறு வருசத்துக்கு முந்தின சமையல்காரின்னு எழுதித் தாக்கல் பண்ணியிருக்கறாங்க. இப்ப அவங்க வாயாலயே, பேரு தந்தது இந்தம்மாதான்னு ஒத்துக்கிட்டாங்க. இதுக்கு மேல நமக்கு என்னம்மா வேணும்?”

சேமித்து வைத்தேன். மாமாவிடம் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து அந்த ஊதா ரிப்பனை எடுத்துக் கொடுத்தார். “இதையும் அவருகிட்டக் குடு கண்ணு. அவ செத்தன்னைக்கு அந்தப் பேர அவ பெட்டிமேலயே வெச்சான்னு சொல்லு.”

ஜெயிப்போம் என்றுதான் வெங்கடாசலம் சொல்கிறார். இருக்கலாம். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. அவள் ஜாமைத் தின்ற ஓர் ஊரே ஒரு வரி எழுத மறுத்தது. மரியபுஷ்பம் என்று ஒருத்தி இருந்தாள், ஜாம் அவளுடையதுதான் என்று கடைசியில் எழுதிக் கொடுத்தவன் அதைத் திருடியவன். அதுவும் தன் விளம்பரத்துக்காக. அந்தச் சாட்சியைத்தான் நாங்கள் இப்போது பத்திரமாகப் பொத்தி வைத்திருக்கிறோம்.

பெட்டியை மெல்வினும் எடுத்துப்போகவில்லை. கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை அதைப் போதகர் அங்கி மாட்டுகிற அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். சர்க்கரை சரியாக இருந்தால் ஜாம் கெடாது. அக்கா எனக்குத்தான் தப்பான அளவு சொன்னாள். அந்தப் பாட்டில்களுக்குச் சரியாகவே போட்டிருப்பாள்.